800 வாட் பால்கனியா, ஒரு மணி நேர ஏர்கோனா?

அக்கா மகன் லைப்சிக் நகரிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். மூன்றாம் மாடிப் பால்கனிக் கம்பியில் இரண்டு கறுப்புச் சோலார் தகடுகள், அவற்றின் பின்னால் புத்தக அளவில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு வயர். அந்த வயர் நேராகச் சுவர் பிளக்கில் போய் முடிகிறது. அவ்வளவுதான் நிறுவல். படத்துக்குக் கீழே ஒரு வரி: "இங்கே சூரியன் எட்டிப் பார்ப்பதே அபூர்வம் மாமா. அங்கே வருஷம் முழுவதும் கொளுத்துகிறதே, நீங்கள் ஏன் இன்னும் போடவில்லை?"

நியாயமான கேள்வி. கோலாலம்பூர் செந்தூலில் பதினான்காம் மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி, முன்னால் மறைக்கும் கட்டடம் இல்லை. அதோடு எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவில் மூன்று ஆண்டு பொருளாளராக இருந்தவன் நான். அதனால் எது செலவு, எது சட்டம், எது வம்பு என்று ஓரளவு தெரியும். பதில் ஒரு வரியில் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். சில ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு பெட்டி சுண்ணாம்புக் கட்டியும் செலவான பிறகுதான் கிடைத்தது.

ஜெர்மனியில் ஏன் அது எளிது

அங்கே அது எளிது என்றால், எளிதாக இருக்கும்படி சட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறார்கள். 2024 மே மாதத்தில் இன்வெர்ட்டரின், அதாவது தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் அந்தப் பெட்டியின், வரம்பை 600 வாட்டிலிருந்து 800 வாட்டாக உயர்த்தினார்கள். தகடுகள் 2,000 வாட் வரை இருக்கலாம். மத்தியப் பதிவேட்டில் இணையம் வழியாகப் பதிந்தால் போதும். அதே ஆண்டு அக்டோபரில், வாடகைக்கு இருப்பவருக்கும் அடுக்குமாடி உரிமையாளருக்கும் இதைப் பொருத்தக் கேட்கும் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தார்கள். தக்க காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. இப்போது பதிவான எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 2025இல் 1,200 வாட் வரை இதேபோல் வழிவிட்டது.

இன்னொரு காரணம் விலை. ஜெர்மனியில் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 35 முதல் 40 யூரோ சென்ட். நம் பணத்தில் ஒன்றரை ரிங்கிட்டுக்கும் மேல். அந்த விலையில், தகட்டிலிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டும் கையில் வந்து விழும் காசு. அந்த யூனிட்டுக்கு இங்கே என்ன மதிப்பு என்பதில்தான் கதையே திரும்புகிறது.

இங்கே சட்டம் எங்கே நிற்கிறது

நம் ஊரில் வீட்டுச் சோலாருக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, மிச்ச மின்சாரத்தை மின்விநியோக நிறுவனமான டிஎன்பியின் கட்டமைப்புக்கு அனுப்பிக் கட்டணத்தில் கழித்துக்கொள்வது. பழைய நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது; 2026 ஜனவரி முதல் அதன் இடத்தில் சோலார் அத்தாப் வந்திருக்கிறது. மற்றது செல்கோ என்னும் சுயபயன்பாட்டு முறை. உற்பத்தி செய்வதை வீட்டுக்குள்ளேயே பயன்படுத்த வேண்டும், வெளியே விடக்கூடாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அத்தாப்பு என்றால் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழையில் ஒழுகி, வெயிலில் குளிர்ந்து, காற்றில் பாதி பறந்த கூரை அது. அந்தக் கூரையின் பெயரை இப்போது சோலார் திட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். பெயரில் கூரைதான் இருக்கிறது, பால்கனி இல்லை. உள்ளே படித்துப் பார்த்தாலும் அப்படியே.

கடையில் வாங்கி, பெட்டியைப் பிரித்து, சுவர் பிளக்கில் செருகிக்கொள்ளலாம் என்று விதிவிலக்குக் கொடுக்கும் வரி நம் விதிகளில் இல்லை. மின்சாரத்தை உற்பத்தி செய்து வீட்டு வயரிங்கோடு இணைக்கும் கணத்திலேயே 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டத்துக்கும் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளுக்கும் உள்ளே வந்துவிடுகிறோம். வேலையைச் செய்ய எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின் குத்தகையாளர் வேண்டும். வேலை முடிந்ததும் மேற்பார்வைக்குப் போராங் ஜி, சோதனைக்குப் போராங் எச் என்று இரண்டு சான்றுகளில் தகுதிபெற்றவர் கையெழுத்திட வேண்டும். இணையக் கடையில் வாங்கிய பிளக் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாது.

"800 வாட்தானே, தோசைக்கல் சூடேற்றும் மின் அடுப்பில் பாதிகூட இல்லையே" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்கள் கட்டடத்துக்கு வரும் வயர்மேன் ஒருவர், முப்பது ஆண்டு இதே தொழில், எனக்கு வரைந்து காட்டினார். சாக்கெட்டுக்குப் போகும் வயரை 20 ஆம்பியர் எம்சிபி, அதாவது அளவு மீறினால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை, காவல் காக்கிறது. அடுப்பு மின்சாரத்தை இழுக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் எல்லாம் எம்சிபி வழியாகத்தான் வரும், அளவு மீறினால் அது விழும். சோலார் மின்சாரத்தைத் தள்ளுகிறது. 800 வாட் என்றால் சுமார் மூன்றரை ஆம்பியர், எம்சிபிக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக அதே வயருக்குள் வந்து சேரும். மேலே 20, இங்கே மூன்றரை. வயர் இருபத்து மூன்றரை சுமந்தாலும் காவல்காரன் தூங்கிக்கொண்டிருப்பான். சுவருக்குள் இருக்கும் வயர் எத்தனை ஆண்டுப் பழையது, மூட்டுகள் எப்படி இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. கசிவைப் பிடிக்கும் ஆர்சிசிபியிலும் சிக்கல்: பல வீடுகளில் இருப்பவை இரண்டு திசை ஓட்டத்துக்கென்று செய்யப்பட்டவை அல்ல.

ஜெர்மானியர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் இல்லை. அவர்கள் வயரிங் பழக்கத்தில் எவ்வளவு தாங்கும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகுதான் 800 வாட்டை அனுமதித்தார்கள். நம்முடைய மூன்று கால் பிளக்கும் வயரிங் மரபும் பிரிட்டனிலிருந்து வந்தவை. நமக்கு அந்தக் கணக்கை நம் ஆட்கள்தான் போட வேண்டும். போடும்வரை அந்த எண்ணை இரவல் வாங்குவது சரியில்லை.

மீட்டர் வேறு. அனுமதி இல்லாமல் வெளியே போகும் மின்சாரத்துக்கு டிஎன்பி ஒரு சென்கூடத் தராது. சில மின்னணு மீட்டர்கள், எந்தத் திசையில் ஓடினாலும் பயன்பாடாகவே கூட்டிக்கொள்ளும் வகை. அப்படி ஒன்று வாய்த்தால், தானமாகக் கொடுத்த மின்சாரத்துக்கும் நாமே பணம் கட்டுவோம்.

சட்டப்படியே செய்ய வேண்டும் என்றால் செல்கோ வழி இருக்கிறது. பிளக்கை மறந்துவிட்டு, தனிச் சுற்று, தனி எம்சிபி, வெளியே விடாத இன்வெர்ட்டர், பதிந்த குத்தகையாளர், படிவங்கள். ஐந்து கிலோவாட்டுக்குச் செய்யும் அதே காகித வேலை 800 வாட்டுக்கும். கோழிக்குஞ்சு விற்க லாரி பிடிப்பது போலத்தான்.

தகடு விழுந்தால்

மின்சாரச் சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் கட்டடச் சட்டம் காத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டடத்துக்குமான பொது ஒழுங்குகள் அதில் இருக்கின்றன. வீட்டின் வெளித்தோற்றத்தையும் முகப்பையும் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது. துணியைக்கூட வெளியே நீட்டிக் காயப்போடக்கூடாது. மீறலுக்கு 200 ரிங்கிட் வரை அபராதம். வேட்டிக்கே இடமில்லாத கம்பியில் ஒன்றே முக்கால் மீட்டர் நீளத் தகட்டை மாட்ட நிர்வாகம் தலையாட்டாது.

200 ரிங்கிட்தானே, கட்டிவிட்டுப் போகலாம் என்று சொன்ன ஒரு நண்பரிடம் நான் கோபப்பட்டேன், அவர் மன்னிக்க வேண்டும். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில், ஸ்ரீ பந்தாய் மக்கள் வீடமைப்புக் குடியிருப்பில், மேல் மாடியிலிருந்து வந்த ஒரு நாற்காலி பதினைந்து வயதுப் பையனின் உயிரை எடுத்தது. நம் வீட்டுப் பிள்ளை. அம்மாவோடு கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். அது ஒரு நாற்காலி. 400 வாட் தகடு ஒன்று இருபது கிலோவுக்கு மேல், அதன் மேல் கண்ணாடி. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 200 நாளுக்கு அருகில் இடி இடிக்கிறது. இடியோடு காற்று வரும். பினாங்கில் தஞ்சோங் தோக்கோங் பக்கத்துக் கடலோர அடுக்குமாடிகள் என்றால், தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராவிலிருந்து விடிகாலையில் பாயும் காற்று வேறு. கம்பியில் இரண்டு கொக்கிகளை நம்பிப் படுத்துத் தூங்க என்னால் முடியாது. கட்டடக் காப்புறுதியும் ஒப்புதல் இல்லாத பொருளுக்குப் பொறுப்பேற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, வெளியே மாட்டாமல் கம்பிக்கு உள்ளே வைத்துக்கொண்டால்? அங்கேதான் சுண்ணாம்புக் கட்டி வந்தது.

நம் சூரியன் வேறு சூரியன்

அக்கா மகன் சொன்னதில் ஒரு தவறு இருந்தது. நமக்கு வெயில் அதிகம், உண்மை. ஆனால் அது தலைக்கு மேலே இருந்து வருகிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே. இங்கே உச்சி வேளைச் சூரியன் ஆண்டில் எந்த நாளும் 63 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஜெர்மனியில் மார்ச் மாத உச்சி வேளையிலேயே சூரியன் நாற்பது பாகை அளவில்தான் இருக்கும். டிசம்பரில் அடிவானத்திலிருந்து பதினைந்து பாகை அளவுக்குத் தாழ்ந்துவிடும். செங்குத்தாகத் தொங்கும் தகட்டின் முகத்தில் அது நேராக அறைகிறது. நமக்கோ கூரையில் அறைகிறது, சுவரைத் தடவிக்கொண்டு போகிறது. தெற்குப் பார்த்த நம் பால்கனிக்கு ஆண்டின் மிகச் சிறந்த நாளில்கூட உச்சி வேளை நேர்வெயிலில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் பாதிவரை சூரியன் வடக்கே இருக்கும். தெற்குப் பால்கனிக்கு அப்போது நேர்வெயில் பெரும்பாலும் இல்லை.

மிச்சம் கிழக்கும் மேற்கும். ஒரு மார்ச் மாத ஞாயிறு, பால்கனித் தரையில் வெயில் எதுவரை வருகிறது என்று மணிக்கொரு கோடு போட்டேன். பத்தே காலுக்கு வெயில் வரவேற்பறைக்குள் சோபாவரை வந்தது. பதினொன்றே காலுக்குப் பால்கனியின் உள்விளிம்பு. பன்னிரண்டே காலுக்கு முக்கால் மீட்டர்தான். ஒன்றே காலுக்கு ஒன்றுமில்லை. கோலம் போடுகிறேன் என்று மனைவி கேலி செய்தாள்.

ஏன் ஒன்றே கால்? நம் கடிகாரத்தில் உச்சி வேளை 12 மணிக்கு வருவதில்லை. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பம் சபா, சரவாக் நேரத்துக்கு மாறியதிலிருந்து, கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வர ஒன்றே கால் ஆகிறது. பினாங்கில் இன்னும் சில நிமிடம் தாமதம். கிழக்குப் பால்கனிக்கு இதில் ஒரு நன்மை: கடிகாரப்படி "காலை" நீளம். மேற்குப் பால்கனிக்காரர்கள் தங்கள் வீடு கொதிப்பதைக் காட்டி அதுதான் சிறந்தது என்பார்கள். ஆனால் நம் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் மேகம் கூடி மழை கொட்டும் நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், கிழக்கே மேல்.

கூரையில் சரியாக வைத்த ஒரு கிலோவாட், கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 1,250 யூனிட் தரும். பினாங்கில் சற்று அதிகம். 800 வாட் என்றால் 1,000 யூனிட். அதே தகட்டைச் செங்குத்தாகக் கிழக்குக் கம்பிக்கு வெளியே மாட்டினால் ஏறத்தாழ பாதி என்று வைத்துக்கொள்ளலாம்: 500 யூனிட், மாதத்துக்கு நாற்பது சொச்சம். கம்பிக்கு உள்ளே வைத்தால் மேல்மாடித் தளமும் கம்பி நிழலும் சேர்ந்து அதிலும் கணிசமாக வெட்டிவிடும். அந்த நாற்பதிலும் காலை எட்டிலிருந்து பதினொன்றுவரை வீட்டில் யார்? நாங்கள் இருவரும் வேலையில், பிள்ளை பள்ளியில். குளிர்சாதனப் பெட்டி, இணைய ரூட்டர், அவ்வப்போது இயங்கும் சில்லறைகள். மிச்சம் வெளியே போய்விடும். மாதம் 25 யூனிட் உண்மையாக மிச்சமாகும் என்பது தாராளமான கணக்கு.

அந்த 25 யூனிட்டின் விலை

இது எனக்கே புதிதாக இருந்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2025 ஜூலை முதல் தேதி வந்த புதிய கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், வலையமைப்புக் கட்டணம் 12.85 சென். கூட்டினால் 44.43. பார்த்தவுடன் யூனிட்டுக்கு 44 சென் என்று பெருக்கிவிடுகிறோம், விற்பனைக்காரர்களும் அப்படித்தான் பெருக்குகிறார்கள். ஆனால் 1,000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சிக்கன ஊக்கத்தொகை ஒன்று கழிகிறது. 200 யூனிட்டுக்குள் என்றால் யூனிட்டுக்கு 25 சென். 250வரை 24.5. அப்படியே படிப்படியாக இறங்கி 400வரை 17, 450வரை 14.5, 600வரை 9, 650வரை 7.5. முக்கியமான விஷயம்: எந்தப் படியில் நிற்கிறீர்களோ, அந்தத் தள்ளுபடி உங்கள் மொத்த யூனிட்டுக்கும்.

ஆக, மிச்சமாகும் யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது. மாதம் 240 யூனிட் பயன்படுத்தும் சிறு குடும்பம் 25 குறைத்து 215க்கு வந்தால், படி மாறவில்லை. மிச்சம் 4 ரிங்கிட் 98 சென். கருவி, தாங்கி, வயர் எல்லாம் சேர்த்து 2,500 ரிங்கிட் என்று வைத்தால், போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 42 ஆண்டு. தகட்டின் ஆயுள் அதற்குள் முடிந்துவிடும். வாங்கியவரின் ஆயுளுக்கும் உத்தரவாதம் இல்லை.

440இலிருந்து 415: மிச்சம் 7 ரிங்கிட் 48 சென். 28 ஆண்டு.

ஆனால் 420இலிருந்து 395 என்றால், ஒரு படி கீழே இறங்கிவிடுகிறீர்கள். 125.71 ரிங்கிட்டாக இருந்த தொகை 108.35 ஆகிறது. அதே 25 யூனிட்டுக்கு 17 ரிங்கிட்டுக்கு மேல். 620இலிருந்து 595க்கு வந்தால் இன்னும் வேடிக்கை: தள்ளுபடி கூடுவதோடு, 600க்குள் இருப்பவருக்கு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் இல்லை, மாதந்தோறும் மாறும் எரிபொருள் விலைச் சரிக்கட்டலும் இல்லை, 600க்கு மேற்பட்ட பகுதிக்கு வரும் சேவை வரியும் இல்லை. அந்தச் சரிக்கட்டலைக் கணக்கில் சேர்க்காமல் மிச்சம் 28 ரிங்கிட்டைத் தாண்டும்.

அப்படியானால் படியின் ஓரத்தில் நிற்பவருக்குப் பால்கனிச் சோலார் லாபம்தானே என்று கேட்டால், மாதா மாதம் சரியாக அந்த ஓரத்திலேயே நிற்பீர்களா? பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில், தீபாவளிக்கு உறவினர், மார்ச் வெக்கையில் ஏர்கோன் இரவு முழுதும். படி தானாக ஏறி இறங்கும். அதைவிட, 25 யூனிட் குறைக்க வேறு வழியே இல்லையா? ஒரு குதிரைத்திறன் பழைய ஏர்கோன் ஓடும்போது சுமார் 0.8 கிலோவாட் இழுக்கும். படுக்கும்போது நேரம் வைத்து, விடிகாலை ஒரு மணி நேரம் முன்னால் நிற்கும்படி செய்தால், முப்பது இரவில் 24 யூனிட்.

அதாவது 2,500 ரிங்கிட் போட்டு, இரண்டு சட்டங்களை உரசி, பக்கத்து வீட்டார் தலைக்கு மேலே நாற்பது கிலோ கண்ணாடியைத் தொங்கவிட்டுக் கிடைப்பது, ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிடைக்கும். நாங்கள் பொத்தானை அழுத்தினோம். விடிகாலை நாலரைக்கு ஏர்கோன் நின்றதும் மின்விசிறி போதும் என்பது இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

பிறகு என்னென்ன வழி

சோலார் ஆசை மட்டும் போகவில்லை என்பவருக்கு, சுமந்து செல்லும் மின்கலப் பெட்டி உண்டு. ஒரு கிலோவாட் மணி அளவுள்ள பெட்டி, மடக்கக்கூடிய 200 வாட் தகடு. வீட்டு வயரிங்கோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. தகடு பெட்டிக்கு, பெட்டி மின்விசிறிக்கு. அதனால் மேலே சொன்ன எம்சிபி, மீட்டர் பிரச்சினைகள் எழவில்லை. தகட்டைக் கம்பிக்கு உள்ளே, தரையில் சாய்த்து வைத்தால் முகப்பு விதியும் குறுக்கே வராது. வாடகை வீட்டுக்காரர் வீடு மாறும்போது கையில் எடுத்துக்கொண்டு போகலாம். மின்சாரம் போன இரவில் குழந்தை அழாமல் தூங்கும். ஆனால் இதைச் சிக்கனம் என்று யாரும் சொல்லி ஏமாற்ற வேண்டாம். மாதம் பத்து யூனிட் வந்தால் அதிகம், அதில் ஒரு பகுதி மாற்றும்போதே வீணாகும். மிச்சம் இரண்டு மூன்று ரிங்கிட், ஒரு தேத்தாரிக் தேநீருக்கான காசு. பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். லித்தியம் மின்கலத்துக்குச் சூடு ஆகாது. தகடு வெளியே, பெட்டி உள்ளே.

தரை வீடு இருப்பவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. செகாம்புட்டில் இருக்கும் என் மச்சானுக்கு வரிசை வீடு, மேலே மறைப்பில்லாத கூரை, மாதம் 800 யூனிட் செலவு. ஒருமுனை இணைப்புக்குச் சோலார் அத்தாப்பில் 5 கிலோவாட் வரை அனுமதி; மும்முனைக்கு 15. ஐந்து கிலோவாட் மாதம் 520 யூனிட் தரும் என்று கொள்வோம். அதில் 200 யூனிட்டை மாமியார், மருமகள், பேரப்பிள்ளை என்று பகலில் வீட்டில் இருப்பவர்களே பயன்படுத்தினால், யூனிட்டுக்கு 40 சென் வீதம் 80 ரிங்கிட். மீதி 320 வெளியே போய், எரிசக்திக் கட்டணமான 27 சென் வீதம் கழியும், 86 ரிங்கிட். ஆண்டுக்கு 2,000 ரிங்கிட்டுக்கு அருகில். நிறுவல் 20,000 என்றால் பத்து ஆண்டு. படி இறங்கும் லாபத்தை நான் சேர்க்கவில்லை. பழைய நெம் போல யூனிட்டுக்கு யூனிட் கழிப்பதும், மிச்சத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவதும் இதில் இல்லை. அந்தந்த மாதத்தோடு சரி. அதனால் கூரை கொள்ளும் அளவு போடாமல், பகலில் செலவாகும் அளவுக்குப் போடுவதே புத்தி. துணி துவைப்பதை இரவிலிருந்து பகலுக்கு மாற்றச் சொன்னேன். அக்கா, "இதைச் சொல்ல ஒரு திட்டமா?" என்றாள்.

அடுக்குமாடிக்காரருக்கு மிஞ்சுவது பொதுக் கூரை. இதைத்தான் நாம் யோசிப்பதே இல்லை. எங்கள் கட்டடத்தின் பராமரிப்புக் கட்டணத்தில் பெரும் பங்கு மின்சாரத்துக்குப் போகிறது: மின்தூக்கி, தண்ணீர்ப் பம்பு, வாகன நிறுத்துமிட விளக்கு. நிறுத்துமிடம் பகலிலும் இருட்டு, பம்பு காலையிலேயே ஓடுகிறது, மின்தூக்கிக்கு ஓய்வே இல்லை. பகலில் உற்பத்தி, பகலில் செலவு. சோலாருக்கு இதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர் கிடையாது. தகடு படுத்துக் கிடக்கும், தலைக்கு மேலே வரும் சூரியன் நேராக அதன்மேல் விழும். பதிந்த குத்தகையாளர், ஒரே விண்ணப்பம், ஒரே காப்புறுதி. நிறுத்துமிட மேல்தளம் திறந்தவெளியாக இருந்தால் அங்கே போட்ட கூரை வண்டிகளுக்கு நிழலும் தரும்.

தடை மொட்டைமாடி அல்ல, மனிதர்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் இடிதாங்கிக்கும் இடையே இடம் கண்டுபிடித்துவிடலாம். பத்து ஆண்டில் திரும்பும் பணத்துக்கு, இரண்டு ஆண்டில் வீட்டை விற்கப் போகிறவர் ஏன் கை தூக்க வேண்டும்? நான் பொருளாளராக இருந்தபோது ஒரு முறை பேச்சை எடுத்தேன். சேமிப்பு நிதியைத் தொடாதே என்று பாதிப் பேர், முதலில் மின்தூக்கியைச் சரிசெய் என்று மீதிப் பேர். இரண்டாவது தரப்பு சொன்னது சரிதான். அந்த ஆண்டு மின்தூக்கி இரண்டு முறை நின்றது.

இப்போது மின்தூக்கி ஓடுகிறது. பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் எழுத்தில் கொடுத்தால், உரிமையாளர் எவரும் ஒரு தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன்: கடந்த 12 மாதப் பொது மின்கட்டணம், மொட்டைமாடியின் அளவு, மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேட்க அனுமதி, அவ்வளவுதான். பணம் கேட்கவில்லை, விலை கேட்கத்தான் அனுமதி கேட்கிறேன். லைப்சிக்குக்கும் ஒரு படி அனுப்பினேன். "பிளக் எங்கே மாமா?" என்று பதில் வந்தது. தனியாகக் கொடுத்தால் கிறுக்கன் என்பார்களே என்று ஆதரவுக் கையெழுத்தும் வாங்கி வருகிறேன். இதுவரை பதினொன்று. பதின்மூன்றாம் மாடிக்கு இன்னும் போகவில்லை. அங்கே இருப்பவர் பழைய தலைவர்.